பத்தாவது கோப்பை

கலாசார மண்டபத்தின் இரண்டாம் மாடி நடைபாதையில் ஒரு நீல வாங்கு கிடக்கும். செவ்வாய்க்கிழமைகளில் எமிலியா அதில்தான் காத்திருப்பாள். முதியோர் இல்லத்தில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வேலை இரண்டரைக்கு முடியும். எட்டுப் பேரைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கட்டில் விரிப்பு மாற்றிய களைப்போடு பஸ் பிடித்து வந்து இறங்கினால் மூன்று பத்து. கணவரின் வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கும். வேலைச் சட்டை தெரியாமல் ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள்.

உள்ளே வந்து இருக்கலாம் என்று ஓவிய ஆசிரியை லோன எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். எமிலியா சிரித்துச் சமாளித்துவிடுவாள். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. கிறிஸ்துநாயகம் இருபத்தேழு வருடம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர். ஒரு தொடையிலிருந்து எலும்பைச் சதை கிழியாமல் பிரித்தெடுக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தெட்டு வயதில் பிளாஸ்டிக் மேலங்கி கட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி பெயின்ற் பூசிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

போன வருடம் ஒக்டோபரில், வேலை செய்துகொண்டு நின்ற இடத்திலேயே அவருக்குப் பாரிசவாதம் வந்தது. முதலில் கத்தி விழுந்தது, பிறகு அவர் விழுந்தார். கால் ஓரளவு திரும்பி வந்துவிட்டது. சொற்கள் ஒவ்வொன்றாக, பிந்திப் பிந்தி வந்தன. வலது கைதான் வரவில்லை. எதையாவது இறுகப் பிடித்தால் பிறகு விரல்கள் விடாது. வேறு யாராவது ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும்.

அவரைப்போலப் பாரிசவாதம் வந்த ஏழு பேரைக் கொமூன, அதுதான் இந்த டேனிஷ் ஊரின் நகரசபை, பத்து வாரத்துக்குப் படம் கீற அனுப்பியிருந்தது. பாதி நேரம் கீறுவார்கள். மீதி நேரம் கீறியதைப் பற்றிக் கதைப்பார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் கடைசி வகுப்பன்று அந்தக் கதை எமிலியாவின் காதில் விழுந்தது.

"இது என்ன படம் என்று கேட்கப்போவதில்லை. கீறும்போது உங்கள் கைக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்," என்றாள் லோன.

"எனக்குக் கோபம் வந்தது. பிறகு போய்விட்டது," என்றார் பிரேபன். முன்பு லொறி ஓட்டியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு நெடுநேரம் சத்தமில்லை. யாருடைய முறை என்று எமிலியாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

"கை... வந்தது," என்றது கணவரின் குரல், டேனிஷில். "கொஞ்சம். கைபிடி... நான்."

உள்ளே கைதட்டினார்கள். ஒரு கோப்பைக்குக் கைபிடி கீறியதற்குக் கைதட்டு. எமிலியாவுக்கு முகம் சுட்டது. வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை இருந்துவிட்டு, உள்ளே போய் அவருடைய விரல்களிலிருந்து தூரிகையைப் பிரித்தெடுத்தாள்.

பத்து வாரமும் அவர் கீறியது ஒரே தேநீர்க் கோப்பையைத்தான். முதல் வாரத்தில் அது வெறும் கோடு. ஐந்தாம் வாரத்தில் சரிந்த குழி. பத்தாவதில் வாயும் வயிறும் தெரிந்தன, பக்கத்தில் தடித்த காதுபோல ஒரு கைபிடியும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை நூல்நிலையத்தில் கண்காட்சி. ஆளுக்கொரு படம், கீழே பெயர். கலையும் சுகமும் பற்றி அங்கே ஓர் உரையாடலும் நடக்கும், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வருவார். பின்னணிக்கு மட்டும் நிறம் பூசி முடிக்கச் சொல்லி, லோன படத்தையும் நாலு பெயின்ற் குழாய்களையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்த கையோடு கோயில் சிநேகிதி கத்தரீனா ரெலிபோன் எடுத்தாள்.

"எமிலியாக்கா, அண்ணையின்ர படம் லைப்ரரியில வைக்கினமாமே? நாங்கள் எல்லாரும் வாறம். ஸ்கீவவில இருந்து ரெண்டு கார் வெளிக்கிடுது. இவர் ஸ்ரிபன் கமராவும் கொண்டு வாறாராம்."

"ஐயோ, அது சும்மா ஒரு படம் பிள்ளை. அதுக்கு ஏன் இவ்வளவு தூரம்?"

"சும்மா இருங்கோக்கா. எங்கட ஆள் ஒராளின்ர படம் வருது, நாங்கள் வராம விடுறதோ?"

குளிர்சாதனப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்த படத்தை எமிலியா பார்த்தாள். அதற்குக் கீழே 'கிறிஸ்துநாயகம்' என்று பெயர் ஒட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் கத்தரீனா நிற்பாள், அவளுடைய மனுசன் ஸ்ரிபன் நிற்பான், "பாவம்" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது.

சாப்பிட்டு மருந்து குடித்தபின் அவர் படுத்துவிட்டார். எமிலியா படத்தை மேசையில் வைத்தாள். வாயின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் நேராக்கலாம் என்றுதான் தூரிகையை எடுத்தாள். அவளுடைய மணிக்கட்டு ஆடாது. சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் புதுநன்மைச் சடங்குக்கும் ஐசிங் பூ வைத்த கேக் அவளுடையதுதான். மகள் ஜெசிக்கா ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோன அட்டை வீட்டையும் அவளே இருந்து ஒட்டிக் கொடுத்தாள். பிள்ளை குறைந்துபோகக் கூடாது என்றால் தாய்தானே பார்க்க வேண்டும்.

ஓரம் நேரானதும் வயிறு கோணலாகத் தெரிந்தது. வயிற்றை வளைத்ததும் கைபிடி பொருந்தவில்லை. அதன்மேல் வெள்ளையைப் பூசி மறைத்துவிட்டுப் புதிதாக ஒன்று கீறினாள். கடைசியில் கோப்பையின் வயிற்றில் ஒரு துளி வெளிச்சமும் வைத்தாள். கடையில் வாங்கிய படம்போல வந்துவிட்டது.

அவர் எழும்பி வந்து மேசையடியில் நின்றார்.

"எமிலி."

"என்னப்பா?"

"என்ர... கைபிடி."

"கொஞ்சம் கோணலாக் கிடந்தது. நேராக்கிவிட்டனான். சனம் வரப்போகுது, நாலு பேர் பாக்கப்போகினம்."

அவர் வலது கையைப் பாடுபட்டுத் தூக்கி, சுட்டுவிரலால் புதுக் கைபிடியைத் தொட்டுப் பார்த்தார். பெயின்ற் காய்ந்துவிட்டிருந்தது. பிறகு போய் ஜன்னலடியில் இருந்துகொண்டார். எமிலியா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

கண்காட்சியில் மற்றவர்களின் படங்கள் எல்லாம் நடுங்கின. பிரேபன் கீறிய லொறி ரோட்டை விட்டு இறங்கி நின்றது. சனம் கூடியதென்னவோ கோப்பைக்கு முன்னால்தான். லோன படத்தைப் பார்த்தாள், கிறிஸ்துநாயகத்தின் கையைப் பார்த்தாள், பிறகு எமிலியாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மற்றப் பக்கம் போய்விட்டாள். அந்தப் பார்வை எமிலியாவின் முதுகிலேயே நின்றது.

உரையாடலை நடத்திய கொமூன அதிகாரி ஒலிவாங்கியை அவரிடம் நீட்டி, "இந்தக் கோப்பை உங்களுக்கு என்ன தந்தது?" என்று கேட்டார்.

கிறிஸ்துநாயகம் வாயைத் திறந்தார், மூடினார். "நன்றி," என்றார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. கத்தரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தேழு வருடம் கத்தி, இப்போது தூரிகை என்று அடுத்த நாள் பத்திரிகையில் வந்தது. படத்துக்குப் பக்கத்தில் அவர் சிரிக்காமல் நின்றார்.

மூன்று கிழமைக்குப் பிறகு கொமூனவின் கடிதம் இணையத்தில் வந்தது. அந்தக் கடிதங்களை வாசிப்பது ஓகூஸ் நகரில் வேலை செய்யும் ஜெசிக்கா. ரெலிபோனில் டேனிஷிலேயே வாசித்துக்கொண்டு போனவள், தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

"பேப்பரில வந்த படத்தையும் சேர்த்திருக்கினம், அம்மா. வலது கை நல்லா முன்னேறிட்டுதாம். அதால பயிற்சி இந்த மாசத்தோட முடியுதாம். பிறகு பிராக்டிக்காம், வேலை பழகுறது. ஒரு கொம்பனியில சின்னச் சின்ன ஸ்குரூவை எண்ணிப் பையில போடுறது. கிழமைக்குப் பதினைஞ்சு மணித்தியாலம். போகாட்டில் சுகவீனக் காசை நிப்பாட்டலாமாம்."

"அவரால ஒரு ஸ்குரூவைக்கூட எடுக்க ஏலாது, பிள்ளை."

ஜெசிக்கா அந்தப் பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு டேனிஷில் கேட்டாள். "அம்மா, அந்தப் படத்தை அப்பாதான் கீறினவரா?"

எமிலியா சுவரைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"ஓம்," என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கொமூன அலுவலகத்தில் சந்திப்பு. என்ன வந்தாலும் அங்கே உண்மையைச் சொல்லிவிடுவது என்று எமிலியா இரண்டு இரவு யோசித்து முடிவெடுத்திருந்தாள். ஆனாலும் விடிந்ததும் அவருக்கு முகம் வழித்து, ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். கந்தோருக்குக் கண்டபடி போக முடியாதே.

அலுவலர் இளம் பெண், பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். மேசையில் பத்திரிகைத் துண்டு கிடந்தது.

"பார்க்க நல்ல உசாராக இருக்கிறீர்கள்," என்றாள் அவரிடம்.

"அந்தச் சட்டைக்கு நான்தான் பொத்தான் பூட்டினேன்," என்றாள் எமிலியா. டேனிஷ் தடுமாறியது. "சப்பாத்துக் கயிறும் நான்தான் கட்டுகிறேன். சாப்பாடும் நான்தான் வெட்டிக் கொடுக்கிறேன். அந்தப் படம்... அதுவும் நான். அவர் கீறினார், நான் அதற்கு மேலே கீறினேன். ஆட்கள் பார்ப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது."

அவளுக்குக் காது, கழுத்தெல்லாம் சிவந்துவிட்டன. அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அலுவலர் தட்டச்சை நிறுத்தினாள். கோபிக்கவில்லை, தலையைச் சரித்துச் சிரித்தாள். "வீட்டில் இருப்பவர்களுக்குப் பயம் வருவது இயல்பு. பிராக்டிக் என்றதும் நிறையப் பேர் இப்படித்தான் யோசிப்பார்கள்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கள். இதைக் கீறியது யார்?"

கிறிஸ்துநாயகம் பத்திரிகைத் துண்டைப் பார்த்தார். குனிந்திருந்த மனைவியைப் பார்த்தார். முப்பது வருடமாக இந்த நாட்டில் ஒருவரிடமும் பொய்க்காரி என்று பெயர் வாங்காதவள், இப்போது அவர் உள்ளதைச் சொன்னால் ஊரை ஏமாற்றியவளாக அலுவலரின் கணினியில் ஏறிவிடுவாள்.

"நான்," என்றார். "நான்தான் கீறினேன்."

பாரிசவாதம் வந்தபின் அவர் தடங்கலில்லாமல் சொன்ன முதல் முழு வசனம் அது.

"இஞ்சாருங்கோ, என்னப்பா இது? உள்ளதைச் சொல்லுங்கோ!"

"விடும்," என்றார் தமிழில். "போதும்."

அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் சொன்னதை உடனே நம்பிவிட்டார்கள். அலுவலர் ஒரு தாளை முன்னால் நகர்த்தி, பேனாவை அதன்மேல் வைத்தாள். வலது கை சிறிய பொருட்களைக் கையாளும் நிலையில் உள்ளது என்று ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்துக்குக் கோடு.

அவர் பேனாவை வலது கையால் எடுத்தார். இடது கையால் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அலுவலர் கணினிப் பக்கம் திரும்பி பிராக்டிக் தொடங்கத் திகதி பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா கோட்டில் தொடங்கி, மேலே ஏறி, அச்சடித்த அந்த வரிக்குள் புகுந்து, தாளின் ஓரத்தில் போய் நின்றது. பெயரில் பாதிதான் இருந்தது.

"அருமை," என்றாள் அலுவலர், தாளை எடுத்துக் கோப்பையின் படத்தோடு சேர்த்து உறையில் செருகிக்கொண்டு. பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

விரல்கள் விடவில்லை. அலுவலர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எமிலியா கதிரையைத் தள்ளிக்கொண்டு கிட்டப் போய், சின்ன விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

"நன்றி," என்று வாங்கிக்கொண்டாள் அலுவலர். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு."