ரெண்டு மீட்டர் வீடு

…அது ஓடிக்கொண்டிருக்கிறவரைக்கும் அவன் தூங்குகிறான் என்று அர்த்தம், தூங்கட்டும், ராத்திரியெல்லாம் மறைமலைநகர் கம்பெனியில் கண் முழித்துவிட்டு வருகிற பிள்ளை, பகலில் ஏசி இல்லாமல் எப்படித் தூங்குவான், இந்தக் கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அந்த ரூமில் கால் வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி… மேல்சுவரில் மாட்டியிருக்கிற பெட்டி உர்ரென்று உறுமுவதும், அதன் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கறிவேப்பிலைச் செடியில் விழுவதும்தான் இப்போதெல்லாம் எனக்கு என் பிள்ளை தமிழ்வாணன் வீட்டில் இருக்கிறான் என்பதற்கு அடையாளம். அவன் வருவதும் போவதும் கண்ணில் படுவதில்லை, படி சந்துப் பக்கம் இருக்கிறது, நான் இருப்பது பின்கட்டில். ஆனாலும் மத்தியானத்தில் மிக்சி போடமாட்டேன், குக்கரில் விசில் வரவிடமாட்டேன், அவன் முழித்துக்கொள்வான். ஒரு தாய் தன் பிள்ளைக்குச் செய்கிற உபகாரம் இவ்வளவுதானா, சத்தம் போடாமல் இருப்பதா?

இவருக்கு அந்த ஏசி சத்தமே ஆகாது. அச்சரப்பாக்கத்தில் உரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் மனசு மீட்டர் பெட்டியிலேயே கிடக்கும். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும் அம்சா, தாண்டவே கூடாது அம்சா… சுஜாதா மருமகளாக வந்து, ஏசியும் வந்த அந்தக் கோடையில் தாண்டிவிட்டது, பில்லைப் பார்த்துவிட்டு மனுஷன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் கடைக்கு யூரியா வாங்க வந்த யாரோ ஒரு புண்ணியவான் யோசனை சொன்னான், மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிவிடு தர்மராஜ், ரெண்டு பக்கமும் முதல் நூறு யூனிட் ஃப்ரீ, ஐந்நூறும் தாண்டாது என்று. ஆனால் தனிக் குடும்பமாக இருக்கவேண்டுமாம், தனி வழி, தனி சமையல்கட்டு. “சும்மா ஷோவுக்குத்தான் அம்சா, பாத்துட்டுப் போயிடுவானுங்க, அப்பால நம்ம பாட்டுக்கு நாம” என்றார். கூடத்திலிருந்து மாடிக்குப் போகிற படியைப் பலகை அடித்து மூடினார், சந்துப் பக்கம் இரும்புப் படி வைத்தார், மூடின படியில் இப்போது உரமூட்டை நாறுகிறது. மேலே ஒரு மூலையில் ஒற்றை அடுப்பு, நாலு பாத்திரம், காலி டப்பாக்கள், உப்புகூட இல்லாத டப்பாக்கள், நானும் சுஜாதாவும் சிரித்துச் சிரித்துத்தான் அடுக்கினோம், பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுகிற மாதிரி. சிரித்தேனே, பாவி, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே.

முதலில் டீதான். “அத்த, அவரு எப்ப எந்திரிப்பாருன்னே தெர்ல, படி கொதிக்குது, ஒரு டீக்கு எறங்கி ஏற முடில, மேலயே போட்டுக்கிறேன்” என்றாள், அதில் என்ன தப்பு, நான்தான் பால் பாக்கெட்டைக் கொடுத்தனுப்பினேன். அப்புறம் சாதத்தைச் சூடு பண்ணிக்கொள்வது, அப்புறம் ஒரு ரசம், அப்புறம் கடப்பாக்கத்திலிருந்து அவள் அம்மா மீன் கொண்டுவந்த அன்றைக்குக் குழம்பு… கடல்காற்றில் வளர்ந்த பெண், இங்கே இந்த வெக்கையில் புழுங்குகிறாள், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள், நானும் கிண்ணத்தில் கொடுத்தேன், பக்கத்து வீட்டுக்காரிகள் மாதிரி. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். மிச்சம் பிடிக்கவென்று ஆரம்பித்த வீட்டில் இப்போது ரெண்டு ஃப்ரிட்ஜ், ரெண்டு மிக்சி, ரெண்டு டிவி, ஒரே சீரியல் கீழேயும் ஓடுகிறது மேலேயும் ஓடுகிறது. என் ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது, ரெண்டு பேருக்கான தோசை மாவும் ரெண்டு பாட்டில் தண்ணீரும், அதைக் குளிரவைக்க அது ராப்பகலாக முனகுகிறது. ரெண்டு பில்லையும் கூட்டிப் பாருங்களேன், பழைய பில்லைவிட ஜாஸ்தி என்றால், “அது ரேட்டு ஏத்திட்டாங்கடி” என்பார். எதைச் சொன்னாலும் ரேட்டு. வீடு ஆறிப்போய்க் கிடப்பது எந்த மீட்டரில் ஓடும், அதைக் கேட்டால் பைத்தியம் என்பார்.

இப்போது போன் பண்ணிச் சொல்கிறார், “ஈபி ஆளு நம்ம தெருவுல வந்துகினு கீறாராம், ரெண்டு மீட்டர் வூடெல்லாம் செக் பண்றாங்களாம், ரெண்டு குடும்பம்னு சொல்லு, வேற எதுவும் பேசாத, சுஜாதாகிட்டயும் சொல்லிட்டேன்.” சரி என்றேன். சரி என்று சொல்லி எத்தனை வருஷப் பழக்கம்… ஆனால் போனை வைத்ததும் ஒரு யோசனை வந்தது. ஏன் சொல்லவேண்டும்? ஒரே குடும்பம்தான் என்று சொல்லிவிட்டால்? மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், போகட்டும், பில் ஏறும், ஏறட்டும், என் கழுத்தில் கிடப்பதை விற்றுக் கட்டுகிறேன், இவர் குதிப்பார், குதித்துவிட்டு அடங்குவார். தனி மீட்டர் போனால் தனிச் சமையல்கட்டு எதற்கு, பலகையைப் பெயர்த்து எடுத்துவிடலாம், மூட்டையைக் கடைக்கு அனுப்பிவிடலாம், சாயங்காலம் நாலு தட்டு வைக்கலாம். வருவார்களா? வருவார்கள், ஏன் வரமாட்டார்கள், என் பிள்ளைதானே, என் கையால் சாப்பிட்ட பிள்ளைதானே… அந்த ஆளுக்குக் கொடுக்க மோர் கரைத்தேன், இந்த வயதில் புருஷனுக்குத் தெரியாமல் நான் செய்யப்போகிற முதல் காரியம் உண்மை பேசுவது, நினைத்தால் அழுகைதான் வருகிறது.

வந்தவர் சின்ன வயசுக்காரர், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார், பின்னாலேயே சுஜாதாவும் இறங்கி வந்து வாசலில் நின்றாள். என் சமையல்கட்டை எட்டிப் பார்த்தார், மோரைக் குடித்தார். “மேல இருக்கிறது யாரும்மா?” என்றார். “எம் புள்ள சார். ஒரே குடும்பந்தான். தனிலாம் இல்ல, அப்டியே எழுதிக்கோங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், சுஜாதா பக்கம் திரும்பவில்லை. அவர் சிரித்துவிட்டார். “எல்லா வூட்லயும் ஒண்ணா கீறவங்க தனின்னு சொல்றாங்க, நீங்க இன்னாம்மா தலகீழா சொல்றீங்க? மருமவகூட சண்டையா, அவங்க கனெக்‌ஷன கட் பண்ணணுமா?” ஐயோ, நான் சொன்னது அப்படியா காதில் விழுகிறது? முகமெல்லாம் எரிந்தது. “இல்ல சார், நெஜமா” என்றேன். “புள்ளைய கூப்புடுங்க, கேட்டுடுவோம்” என்றார். “தூங்குறான் சார், நைட் ஷிஃப்ட்டு” என்றேன், ஏசி ஓடிக்கொண்டுதானே இருந்தது, கேட்டுக்கொண்டுதானே இருந்தது… வாசலிலிருந்து சுஜாதா மெதுவாகச் சொன்னாள், “இல்ல அத்த, அவருக்கு திங்கக்கெழமையிலேர்ந்து டே ஷிஃப்ட்டு. வேலைக்குப் போயிருக்காரு. ஏசிய நான்தான் போட்டேன்.” அந்த ஆள் என்னைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது, பரிதாபப்பட்டார் போலிருக்கிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “தனித்தனிதாம்மா” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சுஜாதா, “மாமா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா அத்த?” என்றாள், அப்புறம் அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து ஆளில்லாத கட்டிலுக்கா நான் சத்தம் போடாமல் இருந்தேன்… போன் அடித்தது, இவர்தான், “இன்னாச்சு?” “ரெண்டு குடும்பம்னு எழுதிகினு போயிட்டாரு.” “அப்பாடா! நீ கரெக்ட்டா சொல்லுவியோ மாட்டியோன்னு பயந்துகினே இருந்தேன் அம்சா” என்று சிரித்தார், எத்தனை நாளாயிற்று இவர் இப்படிச் சந்தோஷமாகச் சிரித்து. நான் ம் என்றேன். பொய் சொல்லச் சொன்னவர் இவர், சொல்லமாட்டேன் என்று துணிந்தவள் நான், கடைசியில் இந்த வீட்டில் இன்றைக்குப் பொய் சொன்னது நான் ஒருத்திதான், மற்றவர்களெல்லாம் உள்ளதைத்தான் சொன்னார்கள். ஒரே குடும்பம் என்பது எந்த நாளிலிருந்து பொய்யாகிப் போயிற்று? ஒரு நாள் இருந்திருக்குமே, காலையில் ஒரே குடும்பமாக எழுந்து சாயங்காலத்துக்குள் இல்லாமல் போன ஒரு நாள், அன்றைக்கும் நான் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவிப் படுத்திருப்பேன்… எந்த நாள் என்று நின்று நின்று யோசிக்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.