எமிலியாவும் மற்றப் பெண்களும்

இலங்கையில் போர் முடிந்த ஆண்டின் மார்கழியில், முகாமிலிருந்து வெளியே வந்த தங்கை தங்கமலரைப் பார்க்கத் தவராஜா புறப்பட்டார். ஜெர்மன் எல்லையோரம் அவர் குடியிருந்த டென்மார்க் நகரத்தின் விமான நிலையம் பெயரில் சர்வதேசம். அளவில் ஒரு பேருந்து நிலையம். காலையில் ஒரு விமானம் பிராங்பேர்ட் போகும். அங்கிருந்து கொழும்பு.

கைப்பை கனமென்றால், கவுண்டரில் பெட்டியை நிறை பார்த்து முடியும்வரை வழியனுப்ப வந்தவர் அதைத் தள்ளி நின்று வைத்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிற நம்மவர் எல்லோரும் செய்வதுதான்.

“பெரிய எயார்போட் எண்டால் தூண் இருக்கும். இஞ்ச நான் எங்க ஒளியிறது?” என்றாள் மனைவி மனோரஞ்சிதம்.

“கோப்பி மெசினுக்குப் பின்னால நில்.”

“அது என்ர இடுப்பளவுதானே இருக்கு.”

“குனிஞ்சு நில்லன்.”

சட்டையில் எமிலியா என்ற பெயரட்டையோடு கவுண்டரில் இருந்தவள், “கைப்பை இருக்கிறதா?” என்று டேனிஷில் கேட்டாள்.

“இல்லை.”

பெட்டி போனதும் தவராஜா பையை வாங்கித் தோளில் மாட்டி, தோள் நோகாதவர்போல் நடந்து பாதுகாப்புச் சோதனைக்குப் போனார். அங்கே மஞ்சள் மேலங்கியோடு அதே எமிலியா நின்றாள்.

“கைப்பை இல்லை என்றீர்களே?”

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒவ்வொரு பதில் சொல்லிப் பழகிய நாக்கு முந்திக்கொண்டது. “அது கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னது.”

எமிலியா திரும்பி, ஆளில்லாத கவுண்டரைப் பார்த்தாள். “அவள் கண்டிப்பானவள்,” என்று சொல்லிப் பையைத் திறந்தாள்.

உள்ளே முழுவதும் செருப்புகள். குழந்தையின் அளவிலிருந்து பெரியவர் அளவுவரை, அளவுக்கு ஒரு சோடி.

“கடை போடப் போகிறீர்களா?”

“தங்கையின் பிள்ளைகளுக்கு. வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள். நான் அவர்களைக் கண்டதில்லை. அளவு தெரியாது.”

அவள் பையை மூடினாள். “என் வேலை கத்தியும் திரவமும் மட்டும். நிறை பார்ப்பது விமானமேறும் வாசலில் நிற்பவள்.”

வாசலில் நீலக் கோட்டோடு எமிலியா பையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.

“இதை யார் உள்ளே விட்டது?”

“சோதனையில் நின்ற பெண்.”

“அவள் எப்போதும் இப்படித்தான்.” பையில் ஒரு சீட்டைக் கட்டி, “இது கீழே, பெட்டியோடு போகும்,” என்றாள்.

விமானத்தில் ஏறி யன்னல் வழியே பார்த்தார். காதடைப்பான் மாட்டிய எமிலியா, பெட்டிகளுக்கு மேல் அவருடைய பையை வைத்துத் தள்ளுவண்டியைத் தள்ளி வந்தாள். நன்றி சொல்லக் கையைத் தூக்கினார். இவளோடு இன்னும் கதைத்ததில்லையே என்று தயங்கி, பிறகு ஆட்டினார்.