டாக்டருக்குச் சொன்ன பதில்

மார்பில் கட்டி தெரிந்ததுமே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று புவனா கெஞ்சினாள். அவள் புருஷன், ரப்பர் தோட்டத்துக் கங்காணி லோகேந்திரன், காதிலேயே வாங்கவில்லை. கத்தி பட்டால் பரவிவிடுமாம். குருவிட்ட ஊர் நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவின் பச்சிலைப் பத்தே போதுமாம். கட்டி புண்ணாகி உடைந்த பிறகுதான் கூட்டிவந்தான்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" டாக்டர் சிங்களத்தில் கேட்டார். புவனாவுக்குச் சிங்களம் வராது. லோகேந்திரன் தலைகுனிந்தபடி அதை அவளிடம் தமிழில் கேட்டான்.

"நான்தான் பயந்துபோய் உங்ககிட்ட மறைச்சிட்டேன்னு சொல்லுங்க."

அவனுக்கு நாக்கு கூசியது. ஆனாலும் டாக்டரிடம் அப்படியே சிங்களத்தில் சொன்னான்.

டாக்டர் அவளை முறைத்தார். "இவ்வளவு அக்கறையான புருஷனிடம் மறைக்கலாமா? கேள், இவளிடம்!"

"என்னங்க சொல்றாரு?" என்றாள் புவனா.

அதை மட்டும் லோகேந்திரனால் தமிழில் சொல்ல முடியவில்லை.