இடது கைக் கத்தரி

அனிபாலுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வேலைக்கென்றே தனியாக ஒரு கருவி இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அது இல்லாமலே முடித்துக் காட்டுகிறேன் பார் என்று வரிந்து கட்டிக்கொண்டு நிற்பார். சைக்கிள் கடை வில்மார், மரியாதையாகத் 'தோன்' போட்டே, சனிக்கிழமையே சொன்னான்.

"தோன் அனிபால், பிரேக் கம்பியும் உறையும் வாங்கிட்டீங்க, சரி. வெட்டறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க? இதுக்குன்னே கட்டர் இருக்கு. கம்பியைச் சுத்திப் பிடிச்சு வெட்டும், நசுக்காது. நீங்க அதை வாங்கக்கூட வேணாம். வண்டியைக் கொண்டாங்க, நானே வெட்டித் தரேன்."

"என் வீட்ல இல்லாத ஆயுதமா?"

"அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு," என்றான் வில்மார்.

ஃபகதத்திவாவில் பாதி ஊர் சைக்கிள் மிதித்துத்தான் பூந்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறது. ஞாயிறு காலை தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும், பக்கத்தில் கையெல்லாம் கிரீஸாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அதுவும் முக்கியமான ஞாயிறு. காதலர் தினத்துக்கான அறுவடை அடுத்த நாள் தொடங்குகிறது. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. அனிபால் தோட்டத்துக் குளிரறையில் பூப்பெட்டி அடுக்குபவர். அவர் மனைவி யானெத் அதே தோட்டத்தில் ரோஜா வெட்டுபவள். அவள் தேவாலயத்துக்கு, பூசைக்குப் போயிருந்தாள்.

முதலில் கட்டிங் பிளேயர். கம்பி அறுந்தது என்னவோ உண்மை. ஆனால் நுனி துடைப்பமாக விரிந்துகொண்டு, உறைக்குள் நுழைய மாட்டேன் என்றது. உறையையும் அதாலேயே அழுத்தினார். உறைக்கு மேலே பிளாஸ்டிக்தான், உள்ளே இரும்புச் சுருள். அது நசுங்கி வாயை மூடிக்கொண்டது. அடுத்து ஹாக்ஸா ரம்பம். பிளாஸ்டிக் உருகி, சுருளின் முனை முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உளியும் சுத்தியலும் செய்ததைச் சொல்லாமல் விடுவதே அவருக்கு மரியாதை. கடைசியில் இன்னும் ஒரே ஒரு தடவை வெட்டத்தான் நீளம் மிஞ்சியது. தப்பினால் வில்மார் கடைக்குப் போய் நிற்க வேண்டும். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவருக்கு உடம்பு எரிந்தது.

அப்போதுதான் சமையலறை மேசைமேல் யானெத்தின் கத்தரி கண்ணில் பட்டது.

ரோஜா வெட்டுகிறவளுக்குக் கத்தரி பல் துலக்கும் பிரஷ் மாதிரி. இன்னொருத்தர் தொடக் கூடாது, தண்டைத் தவிர எதையும் வெட்டக் கூடாது. யானெத் இடது கைக்காரி. தோட்டம் கொடுத்த கத்தரி அவள் கைக்கு ஒத்து வரவில்லை. சொந்தச் செலவில் இடது கைக் கத்தரி ஒன்று வரவழைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைதான் சாணைக்காரன் எலியேசர் அதற்குச் சாணை பிடித்துக் கொடுத்திருந்தான்.

ஒரே ஒரு தடவை, யாருக்குத் தெரியப்போகிறது என்று அனிபால் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கம்பி வெண்ணெய் மாதிரி அறுந்தது. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. உறையை வைத்து அழுத்தினார். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். உறை அறுந்துவிட்டது. கத்தரியின் விளிம்பிலும் எள்ளளவு பள்ளம் விழுந்துவிட்டது. அவர் கத்தரியை எண்ணெய்த் துணியால் துடைத்து, அதன் தோலுறையில் போட்டு, இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே வைத்தார். பிரேக் அருமையாகப் பிடித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் யானெத் சாப்பிட உட்காரவில்லை. கத்தரியை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு தண்டுலயும் பட்டை நார் நாராத் தொங்குது. ரெண்டு வாளியை மேஸ்திரி அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. இருந்த மாத்துக் கத்தரியை வெச்சு வெட்டினேன், கை கொப்புளம் போட்டுடுச்சு. கடைசியில சருகு பொறுக்கற கூட்டத்துல தள்ளிட்டாங்க. பதினோரு வருஷம் வெட்டினவ நான்! இது எப்படிங்க ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். அடுப்பில் குடிப்பதற்கு வெல்லத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அனிபால் வாயைத் திறந்தார், வந்தது வேறு வார்த்தை.

"கல்லை வேகமா ஓட்டியிருப்பான். இரும்பு சூடானா நொறுங்கிடும்."

"எலியேசரா?"

"வேற யாரு?"

அந்த ஒரு வாக்கியம்தான் அவர் செய்த பாவம். மீதியை யானெத் நம்பிக்கையோடு செய்தாள். எலியேசர் நாற்பது வயது ஆள். சைக்கிளிலேயே சாணைக்கல்லைப் பொருத்தி, மிதித்துச் சுற்றுபவன். வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்து வாசலில் முப்பது பெண்கள் அவனிடம் வரிசையில் நிற்பார்கள். யானெத் அந்த முப்பது பேரிடமும் தன் கத்தரியைக் காட்டினாள். அந்த வெள்ளிக்கிழமை அவன் ஆள் கூப்பிடும் ஊதலை ஊதி ஊதிப் பார்த்தான். ஒருத்தியும் கத்தரியை நீட்டவில்லை. அனிபால் குளிரறைக் கதவிடுக்கு வழியாக அதைப் பார்த்தார். உள்ளே அவ்வளவு குளிரிலும் அவருக்கு வேர்த்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். செவ்வாயும் அப்படித்தான் நினைத்திருந்தார், புதனும் அப்படித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் எலியேசரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"தோன்யா யானெத், அந்தக் கத்தரியைக் கொஞ்சம் காட்டுங்க."

"பாருங்க. நல்லாப் பாருங்க, உங்க கைவேலையை."

எலியேசர் வாங்கி, பள்ளத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினான். பிறகு சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தான். புத்தம் புது உறை, நேர்த்தியான வெட்டு. பிறகு அனிபாலைப் பார்த்தான்.

"இது சூட்டுல வந்ததில்லைங்க. இரும்பைக் கடிச்சிருக்கு."

"நான் ரோஜாவைத்தான் வெட்டறேன், தண்டவாளத்தை இல்ல!" என்றாள் யானெத். "செஞ்சதை ஒத்துக்கறதுக்குக்கூட ஒரு யோக்கியதை வேணும். அது இல்லாதவனுக்கு எதுக்குத் தொழில்?"

எலியேசர் அனிபாலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவர் பேசி முடிக்கிற அளவுக்குக் காத்திருந்தான். அனிபால் தரையைப் பார்த்தார்.

"சரிங்க, என் கை தப்பாவே இருக்கட்டும்," என்று சொல்லிக் கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு எலியேசர் போய்விட்டான்.

தெருமுனையில் அனிபால் ஓடிப் போய் அவன் சைக்கிளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"எலியேசர், நான்தான். பிரேக் கம்பியை அதால வெட்டினது நான்தான். மன்னிச்சுக்கங்க."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனால் எலியேசர் அதை இறங்க விடவில்லை.

"எனக்குத் தெரிஞ்சதை என்கிட்டயே சொல்லி என்ன ஆகப் போகுது, தோன் அனிபால்? தெரியாதவங்க உங்க வீட்டுக்குள்ள இருக்காங்க." அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு மிதித்துப் போனான்.

திரும்பி நடந்த நூறு அடியும் அவருக்கு மலையேற்றமாக இருந்தது. யானெத் இன்னும் கோபம் தணியாமல் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் உட்காராமல், நின்றபடியே சொன்னார். கட்டிங் பிளேயரிலிருந்து 'டிக்' வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். கத்துவாள், கத்தரியைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தார். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

அவள் கத்தவில்லை. கிழங்கைக் கீழே வைத்தாள்.

"கத்தரி போனாப் போகுது. சருகு பொறுக்கினதும் போகட்டும். முப்பது பேர்கிட்ட அவன் பேரைக் கெடுத்தது என் வாயி."

"நாளைக்கு நானே தோட்டத்து வாசல்ல வந்து நின்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லித்தான் ஆகணும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு சால்வையை எடுத்தாள். எலியேசர் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவரும் செருப்பில் காலை நுழைத்தார்.

"நீங்க வர வேணாம்."

கதவருகே போனவள் நின்றாள். அழுகையா கோபமா என்று தெரியாத குரலில் கேட்டாள்.

"அவனுக்கு யோக்கியதை இல்லைன்னு நான் சொன்னேனே, அப்ப நீங்க இங்கதானே நின்னீங்க?"

"நின்னேன்," என்றார் அனிபால்.