வெறும் குப்பியில் வந்த பாதரசம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கட்டுரையாகத்தான் ஆரம்பித்தேன். பாதரசத்தைக் குறைக்கப் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பாதரசம் கலந்த முகக் கிரீமைச் செய்யவும் கூடாது, நாடு விட்டு நாடு அனுப்பவும் கூடாது. இதை நாலு பேருக்குச் சொல்லலாமே என்று உட்கார்ந்தேன். முதல் பத்தியைப் படித்துவிட்டு வீட்டில், "சரி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டுரையில் அதுதான் கோளாறு.

ஆகவே கதை. ஒரே ஒரு சபதம்: 'பாதரசம் போல் உருண்டோடியது' என்று எங்கும் எழுத மாட்டேன்.

2

[முதல் முயற்சி] நீண்ட மேசையைச் சுற்றி உலகப் பிரதிநிதிகள் அமர்ந்து, ஒரு காற்புள்ளிக்காகக் காலையிலிருந்து—

வேண்டாம். அவர்கள் யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

[இரண்டாவது] ஒரு பரிசோதனைக்கூடம். கடைகளிலிருந்து வரும் கிரீம்களில் பாதரசம் இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே ஒரு பெண்ணின் வேலை. தடித்த மூக்குக்கண்ணாடி, அதனால் வீட்டில் பெயர் சோடாபுட்டி. அடிக்கொரு தரம் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொள்வாள். (இந்தப் பழக்கத்தைச் சும்மாதான் கொடுத்தேன். கதையே இதில் தொங்கப்போகிறது என்று அப்போது தெரியாது.)

3

கிரீமைச் சோதிக்கும் முன்பு, வெறும் அமிலம் மட்டும் ஊற்றிய குப்பி ஒன்றை இயந்திரத்தில் வைப்பார்கள். அது பூஜ்யம் காட்டினால்தான் இயந்திரத்தை நம்பலாம். அந்த வாரம் வெறும் குப்பியே பாதரசம் காட்டியது.

மெக்கானிக் வந்து பிரித்தார், துடைத்தார், மாட்டினார்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா."

"காலி குப்பி சார்! அமிலம் தவிர உள்ள ஒண்ணுமே போடலையே!"

"அப்ப குப்பிக்குக் காத்துகருப்பு அடிச்சிருக்கு. அதுக்கு நான் ஆளில்ல."

அவள் சளி பிடித்து லீவு போட்ட நாளில் வேறொருவர் வைத்த குப்பி பூஜ்யம் காட்டியது. அவள் திரும்பி வந்தாள். பாதரசமும் கூடவே வந்தது.

"உன்னப் பாத்தாலே மெஷினுக்குக் காய்ச்சல் வருதும்மா," என்றார் மேலதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, கையுறை போட்ட விரலால் கண்ணாடியை மேலே தள்ளினாள். விரல் கன்னத்தில் உரசியது. கன்னத்தில் காலையில் பூசிய கிரீம். அதே விரலால்தான் குப்பியை எடுப்பாள்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

கிரீம் அண்ணி கொடுத்தது. பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா. மறுநாள் அதையே கொண்டுவந்து சோதித்தாள். எண் ஏறிக்கொண்டே போனது.

4

அண்ணியை வில்லியாக்கிப் பார்த்தேன். மசியவில்லை. வீட்டு முன்னறையில் பார்லர் நடத்துகிறாள். எந்தக் கிரீமையும் தன் முகத்தில் போட்டுப் பார்க்காமல் அடுத்தவருக்குப் பூச மாட்டாள். அந்த நேர்மைதான் அவளுக்கு வினையாகிவிட்டது. பாதரசம் உடம்பில் ஏறினால் கை நடுங்கும்; இப்போது நூல் பிடித்துப் புருவம் திருத்தும்போது அவளுக்கு நடுங்குகிறது. போன வாரம் ஒரு டீச்சருக்கு ஒரு புருவம் ஆச்சரியப்பட்டது, இன்னொன்று கவலைப்பட்டது.*

* பரவாயில்லை என்றுதான் டீச்சர் சொன்னார். அப்போது அவர் இன்னும் கண்ணாடியைப் பார்த்திருக்கவில்லை.

"இதுல பாதரசம் இருக்கு அண்ணி."

"ஒம் மெஷினுக்குக் கிறுக்குன்னு நீதானடி சொன்ன?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. கைய நீட்டுங்க."

"எதுக்கு? ஜோசியம் பாக்கவா?"

"நீட்டுங்க."

நீட்டினாள். விரல்கள் தம் பாட்டுக்கு ஆடின.

"தூக்கமில்ல, அதான்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா அவரு வேற ஏதாவது சொல்லிடுவாரே!"

சோடாபுட்டி டப்பாவை மேசையில் வைத்தாள். "எங்கேர்ந்து வந்துச்சுன்னு நாளைக்கு லேப்ல கேப்பாங்க. சொன்னா பார்லரப் பூட்டுவாங்க. சொல்லலன்னா இத அனுப்புறவன் அனுப்பிக்கிட்டே இருப்பான்."

"அவன் எந்த நாட்டுல இருக்கான்னு எனக்கே தெரியாதுடி."

"அதுக்குத்தான் அண்ணி அத்தன நாடும் சேந்து தேடுது."

"அத்தன நாடும் சேந்து என் வாசலுக்குத்தான் வரணுமா?"

(இந்தக் கேள்வியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். சோடாபுட்டி விடவில்லை.)

5

முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். அனுப்பியவன் பிடிபடுகிறான். பார்லர் பூட்டு. அண்ணி தட்டில் சோறு போடுகிறாள், முகம் பார்த்துப் பேசுவதில்லை. கரண்டி நடுங்குகிறது.

முடிவு இரண்டு: அவள் மூச்சு விடவில்லை, தான் பூசுவதை மட்டும் நிறுத்திவிடுகிறாள். குப்பி பூஜ்யம் காட்டுகிறது. மெக்கானிக்குக்குப் பாராட்டு. அண்ணியின் கை இன்னும் மோசம்.

முடிவு மூன்று: மிச்ச டப்பாக்களைப் பையில் அள்ளிக்கொண்டு அண்ணியே பரிசோதனைக்கூட வாசலில் வந்து— ("சினிமா மாதிரி இருக்கு," என்றார்கள் என் வீட்டில்.) இதிலும் கை நடுங்குகிறது. பைக்குள் டப்பாக்கள் கடகடவென்கின்றன.

பார்லரைப் பூட்டினேன், திறந்தேன். முகம் தெரியாத ஒருவனைச் சிறையில் தள்ளினேன். எல்லாம் என் பேனாவுக்குச் சுலபம். 'அண்ணியின் நடுக்கம் நின்றது' என்றும் ஒரு வரி எழுதிப் பார்த்து, அடித்துவிட்டேன். முதலில் அவள் பூசுவதை நிறுத்த வேண்டும். அதை நான் எழுதினால் ஆகாது.

ஆகவே மறுநாள் காலையோடு விலகிக்கொள்கிறேன். சோடாபுட்டி வேலைக்குக் கிளம்பி, வெறும் முகத்தோடு வாசலில் நிற்கிறாள். அண்ணி கண்ணாடி முன்னால், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"இன்னிக்கு மட்டும் போட்டுக்கிறேண்டி. ஆளுங்க வருவாங்க."

டப்பா அவள் கையில். மூடியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.