கடன் பங்கு

பெரியகரை நண்டுக் கம்பனியின் பணிப்பாளர் வாகீசனின் நிழல், 2023 மாசி மாதத்தில் நூற்றெண்பது அடி நீளம் இருந்தது. அந்தக் கிழமை ஊர்காவற்றுறையில் நீல நண்டு கிலோ இரண்டாயிரத்து நூறு ரூபாவுக்குப் போனது. நிழலை அளந்தவர் காணிக்கு எல்லை போட வந்த நில அளவையாளர். அது வெயில் திரும்பிய பக்கம் திரும்பவில்லை. கம்பனி வாசலில் தொடங்கி, எதிரே இருந்த ஏழு வீட்டு ஒழுங்கைக்குள் நேராகக் கிடந்தது. வாகீசன் கொழும்புக்குப் போயிருந்த நாட்களிலும் அங்கேதான் கிடந்தது.

கம்பனி 2017இல் தொடங்கியது. ஏழு குடும்பங்கள் தங்கள் வீட்டு உறுதிகளை வங்கியில் ஈடு வைத்தன. ஆறு குடும்பம் யோசிக்காமல் கொடுத்தது. ஏழாவது மாக்கிறேற், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், ஒழுங்கையின் கடைசி வீடு. மகள் மேரிசுகந்திக்குச் சீதனமாக எழுத வைத்திருந்த வீடு அது ஒன்றுதான். மகளுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னபடியால் அவளும் உறுதியைக் கொடுத்தாள். சரவணை ஊரில் பிறந்து கொழும்பில் கணக்கியல் படித்த வாகீசனைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். மாதம் அறுபதாயிரம்.

பிழை முதல் பொதுக்கூட்டத்திலேயே நடந்துவிட்டது. அதை யாரும் பிழை என்று நினைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செய்து வந்தார்கள். வள்ளம் கரைக்கு வந்ததும் மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்து மிச்சத்தைப் பங்கு போடுவார்கள்: ஆளுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று. வள்ளத்தில் கடன் இருந்தால் கடன் பங்கு என்று இன்னொன்று. அதை வள்ளக்காரனே எடுப்பான். கடன் கொடுத்தவன் தேடி வருவது அவனுடைய வாசற் படலைக்குத்தானே. கம்பனிக்கும் அதுவே நியாயம் என்று கை உயர்த்தினார்கள். கடனில் ஒவ்வொரு ஐந்து இலட்சத்துக்கும் பணிப்பாளரின் மாதச் சம்பளத்தில் ஐயாயிரம் கூடும். வள்ளக்காரன் அந்தப் பங்கைக் கொண்டுபோய்க் கடனைத்தான் அடைப்பான் என்பதைத் தீர்மானத்தில் யாரும் எழுதச் சொல்லவில்லை. கடலில் அது எழுதாமலே நடந்தது.

முதற் கடன் ஐஸ் அறைக்கு. அதற்குச் சரியாக, ஐந்து இலட்சத்துக்கு ஓர் அடியாக, வாகீசனின் நிழல் நீண்டது. இரண்டாவது கடன் லொறிக்கு. மூன்றாவது, வாகீசன் இருந்து வேலை பார்க்கக் கண்ணாடி போட்ட கந்தோருக்கு. பிறகு பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதிய கடன். சம்பளம் இரண்டு இலட்சமாகி, ஐந்தாகி, ஒன்பதைத் தாண்டியது. நண்டு உடைக்கும் பெண்களின் நாட்கூலி இருந்த இடத்திலேயே இருந்தது. நிழல் விழுந்த நிலம் குளிர்ந்ததை முதலில் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்கள் கூடைகளை அதற்குள் தள்ளி வைத்தார்கள். பத்து மணி வெயிலிலும் நண்டு பழுதாகவில்லை. அந்த வருட அறிக்கையில் ஐஸ் செலவு குறைந்ததாகக் காட்டி வாகீசன் கைதட்டு வாங்கினார். மாக்கிறேற்றும் கைதட்டினாள். பின்னாளில் அந்தக் கைகளை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நிழல் ஒவ்வொரு வீடாக வந்தது. அது மூடிய முற்றத்தில் உடுப்புக் காயவில்லை, கோழி அடைகாக்கவில்லை, சித்திரையிலும் பிள்ளைகள் போர்த்துக்கொண்டு படித்தார்கள். கடைசி வீடு வரை வராது என்று மாக்கிறேற் நம்பியிருந்தாள். வந்தபோது அவளுடைய கருவாட்டுப் பந்தல் நனைந்த துணியாகக் கிடந்தது. அவள் நேரே கந்தோருக்குப் போனாள்.

"தம்பி, உம்மட நிழல் என்ர முத்தத்தில கிடக்குது. மூண்டு கிழமையாக் கருவாடு காயேல்லை. அதை எடும்."

வாகீசன் கெட்ட மனிதரல்ல. எழும்பி அவளுக்குக் கதிரை போட்டார். பிறகு அவர் சொன்னதும் உண்மைதான்.

"அக்கா, கடன் கூடினாச் சம்பளம் கூடும் எண்டு கை உயர்த்தினது நீங்கள். என்ர சம்பளத்தைப் பாத்துத்தான் கம்பனி பெரிசு எண்டு வங்கி இன்னும் கடன் தருது. இதில நான் எதை எடுக்கிறது?"

வைகாசியில் அவர் கனடாவுக்குப் போனார். எடுக்காத லீவுக்கான சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் ஏறினார். பஸ் ஏறியவரின் காலடியில் ஒன்றும் இருக்கவில்லை. நிழல் ஒழுங்கையிலேயே கிடந்தது, அவருடைய தோற்பையின் வடிவமும் சேர்ந்து.

வங்கி ஏழு வீட்டையும் ஏலத்துக்கு விட்டது. வாங்க வந்தவர்கள் முற்றத்தில் ஐந்து நிமிடம் நின்று, கைகளைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வெயில் படாத காணி என்று அதிகாரி எழுதினார். வீடு போகவில்லை என்று மேரிசுகந்தி அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்குப் பேசியிருந்த சுஜிதன் மறுநாள் தன் வள்ளத்து மீனை மாமியின் அறையில் கொண்டுவந்து வைத்தான். மூன்று நாளுக்குப் பிறகும் செவுள் சிவப்பாக இருந்தது. கல்யாணம் அந்த ஆவணியிலேயே நடந்தது. ஏழு வீடும் கரையின் குளிரறையாயின. வாடகை கம்பனிக்கு வந்தது.

பணிப்பாளராக யாரும் முன்வராததால் மாக்கிறேற்றைக் கேட்டார்கள். தீர்மானம் இன்னும் இருந்தது. அதன்படி அவளுக்கும் ஒன்பது இலட்சத்துக்கு மேல் சம்பளம். அவள் சம்மதித்தாள்.

"வள்ளத்தில எடுக்கிற மாதிரித்தான் எடுப்பன்," என்றாள்.

கையெழுத்து வைத்த அடுத்த நாள் நிழலில் தோற்பை இல்லை, கொண்டை இருந்தது. அவள் அதைச் சுற்றிப் பார்த்தாள், தன்னுடையதுதான் என்று கண்டாள், வேலைக்குப் போனாள். மாதாமாதம் கடன் பங்கை எல்லாரும் பார்க்க இறங்குதுறையில் எண்ணி வங்கிக்கு அனுப்பினாள். வட்டி போக, நூற்றெண்பது அடியில் வருடத்துக்கு மூன்று அடி குறைந்தது. அவளுக்கு ஐம்பத்துநான்கு வயது. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவளுக்கு முன்னால் போடவில்லை.

போன தையில் மேரிசுகந்திக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று காலை மாக்கிறேற் வழக்கம்போல நிழலை அளந்தாள். ஒரே நாளில் ஒன்பது அடி குறைந்திருந்தது. அந்த மாதப் பங்கு இன்னும் கட்டவில்லை. வங்கிதான் தவறுதலாக வரவு வைத்துவிட்டது என்று நினைத்தாள்; வீட்டு உறுதியை ஈடு வைத்த பிறகு முதற்தடவையாக அவளுக்குப் பாட்டு வந்தது.

பத்து மணிக்கு வந்த மருத்துவமாது, பிள்ளைக்கு மஞ்சள் பிடித்திருக்கிறது, வெயிலில் காட்டுங்கோ என்றார். வீட்டில் வெயில் இல்லாதபடியால் பிள்ளையைக் கடற்கரைக்குத் தூக்கிப் போனார்கள். துணியை விலக்கியதும் மாக்கிறேற் மணலைப் பார்த்தாள். பிள்ளையின் கீழிருந்து ஒரு நிழல் ஒழுங்கைப் பக்கமாக நீண்டு கிடந்தது. மருத்துவமாது நாடாவை எடுத்து அளந்தார். ஒன்பது அடி. அட்டையில் நிறைக்குக் கீழே அதையும் எழுதினார். மாக்கிறேற் பிள்ளையின் காலைத் துணிக்குள் மூடிவிட்டு, அந்த மாதப் பங்கை எண்ண இறங்குதுறைக்குப் போனாள்.