பார்க்கிங் கிடைக்கும் வரை மன்னர் பாடுவார்

ஷார்ஜாவில் எங்கள் ரோலா இசை நாடக மன்றம் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் வரை ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை. இத்தனை காலம் ஒரு தோல்வியும் காணாத நாடகக் குழு வளைகுடாவில் வேறு இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

முதல் நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கதாநாயகன் அனந்தகிருஷ்ணனைக் கம்பெனி கத்தாரில் ராஸ் லஃபானுக்கு மாற்றிவிட்டது. போனிலேயே பாடிவிடுகிறேன், ஸ்பீக்கரை அரசியின் பக்கமாக வையுங்கள் என்றார். இரண்டாவது நாடகத்தில் வில்லனுக்கு விசா முடிந்தது. மூன்றாவதன்போது உலகத்துக்கே நோய் வந்தது. இத்தனையையும் தாங்கி மன்றத்தை இழுத்து வந்தவர் உடையப்பன். துபாயில் ஒரு மின்சாமான் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பாட்டு, வசனம், மெட்டு எல்லாம் அவரே. ராஜா வேஷமும் அவருக்குத்தான். நான் ஆர்மோனியம், அதனால் எல்லோருக்கும் மாஸ்டர்.

ஒத்திகைக்கு இடம் கிடையாது. ஷார்ஜாவில் என் ரூமில் வைத்துப் பார்த்தோம். மேல் மாடி எகிப்துக்காரர் போலீசைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் பொறுமையாக இரண்டு பாட்டு கேட்டுவிட்டு எகிப்துக்காரர் கட்சியில் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு ஒத்திகை வேனுக்கு மாறியது. நாங்கள் எல்லோரும் தினமும் ரோலாவிலிருந்து பர் துபாய்க்கு வேலைக்குப் போவது வைரவனின் வேனில்தான். காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம். எங்கள் நான்காவது நாடகமும் ஒன்றரை மணி நேரம். வைரவன் ஓட்டிக்கொண்டே அரண்மனைக் காவலன் பாகத்தைப் பாடுவான். அவனுக்குப் பின்சீட்டில் உடையப்பன். அதற்கும் பின்னால் அரசி, கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் ஷியாமளா. கடைசி வரிசையில் மடியில் பெட்டியோடு நான்.

ஊரே மூழ்கிய அந்தப் பெருமழை நாளில் அல் கான் பக்கம் பதினோரு மணி நேரம் வேன் தண்ணீரில் நின்றது. நாடகத்தை ஏழு முறை பாடினோம். ஐந்தாவது முறை, பக்கத்து லாரிக்காரர் ஆரிப் பாய், பெஷாவர் ஆள், தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவர், கண்ணாடியை இறக்கி, அரசிக்கு சுருதி இறங்குகிறது என்று சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

கதை சின்னது. பட்டம் இழந்த ராஜா சூரியன் மறைவதற்குள் கோட்டையை விட்டுப் போக வேண்டும். கடைசிப் பாட்டில் வாசலில் நின்று, 'கதவைத் திறக்காதே காவலா' என்று பாடுவார். அதை நாங்கள் பர் துபாயில் பார்க்கிங் தேடும்போது பாடுவோம். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் நாற்பது. இடம் கிடைத்ததும் வைரவன், 'கதவு திறந்தது மன்னா' என்பான். நாடகம் முடிந்துவிடும். அவரவர் டூட்டிக்குப் போய்விடுவோம்.

இந்த வருடம் உடையப்பனுக்கு அறுபத்தைந்து. விசா கேன்சல். ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். ஒரு பள்ளிக்கூட அரங்கம் சனிக்கிழமை மதியம்தான் கிடைத்தது. இரண்டு மணிக்குச் சாவி தருவார்கள், ஆறு மணிக்குள் காலி செய்ய வேண்டும். இதை விட்டால் அவருக்கு வேறு நாள் கிடையாது.

கூட்டிப்போக ஊரிலிருந்து அவர் மனைவி பானுமதி விசிட் விசாவில் வந்திருந்தார். ஒவ்வொரு லீவிலும் 'இந்த வருஷம் மேடை' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். அரங்கத்துக்குள் நுழையும்போதே சொன்னார்:

"இன்னும் நேரம் இருக்கு. நாடகமும் இல்ல ஒண்ணும் இல்ல, இங்க வேற ஒரு பொம்பளைதான்னு இப்பவாவது ஒத்துக்கிட்டா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"முன் வரிசையில உக்காரு பானு," என்றார் உடையப்பன். கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

இரண்டரைக்கு ஒரு தடவை பாடிப் பார்க்கலாம் என்று மேடையில் நின்றோம். நின்றோம் என்பதுதான் விஷயம். அதுவரை இந்த நாடகத்தை யாரும் நின்றுகொண்டு பாடியதே இல்லை. நான் சுருதி கொடுத்தேன். உடையப்பன் வாயைத் திறந்தார். மூடினார்.

"என்ன சார்?" என்றாள் ஷியாமளா.

"முதல் அடி வரல."

"நீங்க எழுதினதுதானே சார்."

"எழுதினேன்மா. எங்க போச்சுன்னு தெரியல. நீ உன் பாட்டை எடு."

அவள் எடுத்தாள். அவளுக்கும் வரவில்லை. ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பாட வேண்டிய காதல் பாட்டு. பதினோரு மாதமாக அவள் பார்த்தது அவருடைய பிடரியை. முகம் யாரோ வேற்று ஆள் மாதிரி இருக்கிறது என்றாள். வைரவன் கைகளைக் காற்றில் ஸ்டியரிங் போல வைத்துக்கொண்டு வேர்த்து நின்றான்.

அரை மணி நேரம் முயன்றோம். உடையப்பன் தன் கைப்பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்த்தை இருந்தது, மெட்டு வரவில்லை. மேடை ஓரத்தில் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், பேசாம பொம்பளைன்னே சொல்லிரட்டுமா," என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

வெளியே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது வைரவன், "அண்ணே, வேன்ல அந்த மொதப் பாட்டு அன்சார் மால் கிட்டத்தானே வரும்?" என்றான்.

உடையப்பன் நிமிர்ந்தார். நான் சும்மா சொல்லிப் பார்த்தேன்: "அன்சார் மால்."

வாய் தானாகத் திறந்தது. முதல் அடி முழுதாக வந்து விழுந்தது.

நான்கு நாற்காலி போட்டோம், ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் சபையைப் பார்த்து. நான் கடைசியில். திரை விலகியது. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் பக்கத்து அறைப் பல் மருத்துவ முகாம் இதுதான் என்று நினைத்து வந்தவர்கள். யாரும் எழுந்து போகவில்லை. நான் வேன் போகும் வழியை ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சஹாரா சென்டர் என்றதும் அரசி காதலித்தாள். முல்லா பிளாசா என்றதும் எதிரி படையெடுத்தான். மக்தூம் பாலத்தில் ராஜா பட்டம் இழந்தார். சபையில் எல்லோரும் தினமும் அதே வழியில் போகிறவர்கள். பாலம் என்று சொன்னபோது ஒருவர் நிஜமாகவே அழுதார். அவருக்கு அங்கே என்ன நேர்ந்ததோ.

ஐந்தரைக்கு, பர் துபாய், பார்க்கிங் தேடுகிறோம் என்றேன். கடைசிப் பாட்டு. 'கதவைத் திறக்காதே காவலா.' உடையப்பன் எழுந்து நின்றே பாடினார். ஒருமுறை, பத்து முறை. வைரவன் என்னைப் பார்த்தான். பார்க்கிங் கிடைத்தது என்று நான் சொன்னால்தான் அவனுக்கு அடுத்த வரி வரும். நான் வாயெடுத்தேன். உடையப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பது போல மெல்லத் தலையை அசைத்தார்.

பாட்டு முடிந்தால் நாளை விமானம். எனக்கும் அது தெரியும். கட்டைகளை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இருபது முறை. முப்பது. அரங்கக் காவலர் சாகிர் பாய் பக்கவாட்டில் வந்து நின்று, "மாஸ்டர் சாப், ஜல்தி. ஆறு மணிக்கு அடுத்த பார்ட்டி," என்றார். வைரவன், "அண்ணே, சொல்லுங்கண்ணே," என்று பல்லைக் கடித்தபடி முனகினான். நாற்பதாவது முறையில் உடையப்பனுக்குக் குரல் உடைந்தது. அதற்குப் பிறகும் பாடினார், காற்றுதான் வந்தது. சபையில் ஒருவரும் அசையவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முன் வரிசையிலிருந்து பானுமதி எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"மாஸ்டர், எங்கயாவது எடம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க," என்றார். "அவருக்குத் தொண்டை போயிருச்சு."

உடையப்பன் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

"லாண்டரி முன்னால ஒரு வண்டி எடுக்கறான்," என்றேன்.

"கதவு திறந்தது மன்னா," என்றான் வைரவன்.

மேடையில் கதவு எதுவும் இல்லை. உடையப்பன் வலது கையால் காற்றைப் பிடித்துத் தள்ளித் திறந்தார். தலை இடிக்காமல் குனிந்தார். ஒரு படி இறங்கினார். திரும்பி அதை இழுத்து மூடினார். சாகிர் பாய் விளக்கை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே வேனில் ஏர்போர்ட்டுக்குப் போனோம். பானுமதி ஷியாமளா பக்கத்தில் உட்கார்ந்தார். விடுமுறை நாள். அன்சார் மால் வந்தது, ரோட்டில் ஒரு வண்டி இல்லை. இருபது நிமிடத்தில் ஏர்போர்ட். பாட நேரம் போதாது.

வைரவன் அபாய விளக்கைப் போட்டு, நாற்பதில் ஓட்ட ஆரம்பித்தான். அத்தனை காலியான ரோட்டில் எங்கிருந்துதான் வந்தார்களோ, பின்னால் வந்து சேர்ந்தவர்களெல்லாம் விடாமல் ஹாரன் அடித்தார்கள். நான் ஆர்மோனியத்தைத் திறந்து அந்த ஹாரனோடு ஒத்துப் பார்த்தேன். சுருதி சரியாகவே இருந்தது.